நிலத் தரகுத் தொழிலுக்குச் சமூக ஊடகம்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: பல்லடம், பொங்கலூர், காரணம்பேட்டைப் பகுதிகளில் வீட்டு மனை, தோட்டம், குடோன் இடம் ஆகியவற்றை விற்றுக் கொடுக்கும் தொழிலைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். இதுவரை டீக்கடை, பத்திர எழுத்தர் அலுவலகம், தெரிந்தவர்களின் சிபாரிசு இவற்றின் மூலமே வியாபாரம் நடந்தது. இப்போது வருகிறவர்கள் செல்போனில் நாலு இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். என் அக்கா மகன் தன் மின்னஞ்சலை வைத்து ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் எனக்குப் பக்கம் தொடங்கி, மனைப் படங்களைப் போட்டு, பத்தாயிரம் ரூபாய் செலவழித்து விளம்பரமும் செய்தான். அழைப்புகள் நிறைய வந்தன. இடம் பார்க்க ஒருவரும் வரவில்லை. எனக்கு இது ஒத்துவருமா? எதில் தொடங்க வேண்டும்? விலையை வெளிப்படையாகப் போடலாமா? நானே முகம் காட்டிப் பேச வேண்டுமா?

மதிப்புக்குரிய ஐயா, வணக்கம்.

உங்களுக்கு இது நன்றாகவே ஒத்துவரும். பணம் செலவழித்தும் ஆள் வராததற்கு ஊடகத்தைக் குறை சொல்ல முடியாது; அக்கா மகனையும் குறை சொல்ல வேண்டியதில்லை. கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த விளம்பரப் படத்தில் ‘அருமையான வீட்டு மனை, குறைந்த விலை, உடனே அழைக்கவும்’ என்று மட்டுமே இருக்கிறது. எந்த ஊர், எத்தனை சென்ட், முன்னால் எத்தனை அடிச் சாலை, சென்ட் என்ன விலை என்று எதுவும் தெரியாதபோது, வாங்கும் எண்ணம் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே மாதிரிதான் அழைப்பார்கள், விலையைக் கேட்டதும் வைத்துவிடுவார்கள். எந்தத் தோட்டத்துக் கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்கும், எந்த இட்டேரியில் லாரி திரும்பாது, எந்த மனைப்பிரிவுக்கு முறையான அனுமதி இருக்கிறது என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். அந்த அறிவுக்காகத்தான் மக்கள் இதுவரை உங்களைத் தேடி வந்தார்கள். அது செல்போன் திரையில் தெரியாதவரை எவ்வளவு செலவழித்தாலும் பயன் இருக்காது.

ஆனால் அடுத்த படத்தைப் போடுவதற்கு முன் சட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். சுருக்கமாக ரெரா எனப்படும் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் போடப்படும் மனைப்பிரிவை ரெரா பதிவு இல்லாமல் விளம்பரம் செய்யவோ விற்கவோ கூடாது. 500 சதுர மீட்டர் என்பது நம் கணக்கில் ஏறத்தாழ 12.4 சென்ட்தான் என்பதால், உங்கள் கைக்கு வரும் மனைப்பிரிவு எதுவுமே அநேகமாக இதற்குள் வந்துவிடும். அப்படிப் பதிவு பெற்ற திட்டத்தின் மனையை விற்றுக் கொடுக்கும் முகவரும் தமிழ்நாடு ரெரா ஆணையத்தில் தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் இந்த வேலையைச் செய்தால் நாளொன்றுக்கு பத்தாயிரம் ரூபாய் என அபராதம் ஏறிக்கொண்டே போக இடமுண்டு. இந்தச் சட்டம் விளம்பரம் என்பதற்குக் கொடுக்கும் விளக்கம் எந்த ஊடகத்தின் வழியாகச் செய்யப்படும் அறிவிப்பையும் உள்ளடக்கியது. ஆகவே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு நாள் மட்டும் இருந்து மறைகிற படத்துக்கும் இது பொருந்தும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மனைப்பிரிவைப் பற்றிய ஒவ்வொரு பதிவிலும் திட்டத்தின் ரெரா எண்ணையும் ஆணையத்தின் இணைய முகவரியையும் கண்ணில் படும்படி போடுங்கள். அதன் கீழ் உங்கள் முகவர் எண்ணும் இருக்கட்டும்.

தோட்டத்தை முழுதாக ஒரே கையில் விற்பது இதில் வராது. ஆனால் அதே தோட்டத்தைப் ‘பண்ணை மனை’ என்று பெயர் சூட்டிப் பத்துச் சென்ட், இருபது சென்ட் என்று பிரித்து விற்க யாராவது உங்களிடம் கொண்டுவந்தால், நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டி.டி.சி.பி.) அனுமதியும் ரெரா பதிவும் இருக்கிறதா என்று கேளுங்கள். ‘பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது’ என்றும் ‘டி.டி.சி.பி. விரைவில் வந்துவிடும்’ என்றும் சொல்லப்படும் இடங்களை உங்கள் பக்கத்தில் ஒருபோதும் ஏற்றாதீர்கள். அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டு விதிகள் 20.10.2016-க்கு முன் போடப்பட்ட மனைப்பிரிவுகளை மனதில் வைத்து வந்தவை. அதற்குப் பின் பிரித்த மனையை ‘பிறகு வரன்முறை செய்துகொள்ளலாம்’ என்று சொல்லி ஒரு குடும்பத்தின் சேமிப்பை அதில் போட வைப்பது பாவம் என்றே நான் நினைக்கிறேன்.

அடுத்தது, எந்தச் செயலியில் தொடங்குவது என்பது. இளைஞர்கள் இன்ஸ்டாகிராமில் இருப்பதால் அங்கிருந்து தொடங்கச் சொல்வார்கள். உங்கள் தொழிலுக்கு நான் வாட்ஸ்அப்பையே முதலில் சொல்வேன். நம் பக்கத்தில் இடம் வாங்குவது ஒருவர் எடுக்கும் முடிவாக இருப்பதில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் மகன் பார்த்து, ஊரிலிருக்கும் அப்பாவுக்கு அனுப்பி, அவர் மச்சானைக் கேட்டு, வீட்டுப் பெண்கள் சரி என்ற பிறகுதான் வண்டி எடுப்பார்கள். அந்தப் பேச்சு முழுவதும் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் நடக்கிறது. உங்கள் வீடியோ அங்கே போய்ச் சேருவதுதான் முக்கியம்.

தொழிலுக்கென்று தனி எண் வாங்கி, அதில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைப் போடுங்கள். கேட்லாக் என்ற பகுதியில் கையிலிருக்கும் இடங்களைப் படத்தோடும் விலையோடும் வரிசைப்படுத்தி வைக்கலாம். லேபிள் வசதியைக் கொண்டு ‘தோட்டம் கேட்டவர்’, ‘மனை கேட்டவர்’, ‘குடோன் கேட்டவர்’ என்று பிரித்து வைக்கலாம். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்வரை சேர்க்கலாம்; ஆனால் உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். அதனால் நேரில் பார்ப்பவர்களிடமெல்லாம் எண்ணைச் சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கேட்காதவர்களைக் குழுவில் இழுத்துப் போடுவதும், காலையில் பூப்படம் போட்டு வணக்கம் அனுப்புவதும் வேண்டாம். அது எண்ணை முடக்கிவிடச் செய்யும் வழி.

இதற்கு அடுத்தபடியாக கூகுள் மேப்பில் உங்கள் அலுவலகத்தைப் பதிவு செய்யுங்கள். கட்டணம் இல்லை. உங்களிடம் இடம் வாங்கிப் பத்திரம் முடித்தவர்களைக் கேட்டு, அவர்கள் சொந்த வார்த்தையில் ஒரு கருத்து எழுதச் சொல்லுங்கள். பெங்களூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ அழைக்கும் ஒருவர் உங்கள் பெயரைத் தேடிப் பார்க்கும்போது அவருக்குக் கிடைக்கும் சிபாரிசு அதுதான். யூடியூப், ஃபேஸ்புக் இரண்டிலும் அதே வீடியோவை ஏற்றிவைத்தால் போதும். இன்ஸ்டாகிராமை அக்கா மகன் பார்த்துக்கொள்ளட்டும்.

இனி என்ன போடுவது என்ற விஷயத்துக்கு வருகிறேன். நேரத்தில் பெரும்பகுதியை நீங்கள் இதற்குத்தான் கொடுக்க வேண்டும். பொங்கலூர்ப் பக்கம் நாலு ஏக்கர் தென்னந்தோப்பு ஒன்று விற்பனைக்கு வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். வழக்கமான வீடியோ தோப்புக்குள் நின்று இளநீரைக் காட்டுவதில் தொடங்கும். நீங்கள் தார்ச்சாலையில் தொடங்குங்கள். சாலையிலிருந்து தோப்புவரை செல்லும் தடத்தில் நடந்து, அது பொதுத் தடமா, பத்திரத்தில் எழுதிய மாமூல் தடமா, பக்கத்துத் தோட்டத்துக்காரர் நல்ல மனதோடு விட்டிருப்பதா என்பதைச் சொல்லுங்கள். டேப்பைப் பிடித்து அகலத்தை அளந்து காட்டுங்கள். பிறகு கிணறு: எத்தனை அடி ஆழம், படம் எடுக்கும் நாளில் தண்ணீர் எங்கே நிற்கிறது, போர் இருந்தால் எத்தனை அடி ஓட்டியது, மோட்டார் எத்தனை குதிரைத்திறன், விவசாய மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது. பி.ஏ.பி. எனப்படும் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டப் பாசனம் உண்டென்றால் எந்த மண்டலம் என்பதையும் சொல்லுங்கள். நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறைவைத்துத் தண்ணீர் விடப்படுவதால், ‘வாய்க்கால் பாசனம் உள்ள பூமி’ என்று மட்டும் கேள்விப்பட்டு வாங்குகிற வெளியூர்க்காரர் ஆண்டு முழுவதும் தண்ணீர் வரும் என்று நினைத்துக்கொள்வார். கடைசியில் புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு மூலைக் கல்லையும் காட்டுங்கள். இவ்வளவையும் நாலைந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

குறைகளையும் அதே வீடியோவில் சொல்லிவிடுங்கள். பல்லடம் வட்டாரத்தில் கறிக்கோழிப் பண்ணை இல்லாத ஊர் குறைவு. காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தால் வாடை வரும் என்பது உங்களுக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. மேலே உயரழுத்த மின் கம்பி போகிறதா, பக்கத்தில் கல்குவாரி இருக்கிறதா, சாயப்பட்டறைக் கழிவால் போர் தண்ணீர் கெட்டிருக்கிறதா என்பதை எல்லாம் எப்படியும் அவர் இடம் பார்க்க வரும் நாளில் தெரிந்துகொள்வார், அல்லது பத்திரம் முடிந்த பிறகு தெரிந்துகொண்டு உங்கள் பேரைச் சொல்வார். முன்கூட்டியே சொன்னால் பத்துப் பேரில் ஆறு பேர் கழன்றுகொள்ளக்கூடும். மீதி நாலு பேர் வண்டியெடுத்து வருவார்கள். அத்துடன் உங்கள் அடுத்த வீடியோவையும் நம்புவார்கள். இந்த நம்பிக்கைதான் இத்தொழிலில் உங்கள் முதலீடு என்பதால் இதில் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்லுங்கள். ‘ஐந்தே நிமிடத்தில் பஸ் ஸ்டாண்ட்’ என்பதை எவரும் நம்புவதில்லை. புறவழிச்சாலை வரப்போகிறது, தொழிற்பேட்டை வரப்போகிறது என்பதை அரசாணையோ நில எடுப்பு அறிவிப்போ கையில் இல்லாமல் பேச வேண்டாம். விளம்பரத்தில் சொன்ன பொய்யை நம்பி முன்பணம் கொடுத்து நட்டப்பட்டவருக்கு மனைப்பிரிவு போட்டவர் இழப்பீடு தர வேண்டும் என்று ரெரா சட்டத்தின் 12-ஆவது பிரிவு சொல்கிறது. பொய்யான தகவல் சொல்லக் கூடாது என்று முகவருக்கும் 10-ஆவது பிரிவு கட்டளையிடுகிறது. அளவையும் இரண்டு விதமாகச் சொல்வது நல்லது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பது நமக்குப் பழக்கம். சென்னையிலிருந்து கேட்பவர் 2,400 சதுர அடி என்றால்தான் புரிந்துகொள்வார், நாம் அதை ஐந்தரை சென்ட் என்போம்.

விலையை வெளிப்படையாகப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். போடுங்கள். உரிமையாளர் சம்மதிக்காவிட்டால், சென்ட் இவ்வளவிலிருந்து இவ்வளவுக்குள் என்று ஒரு வரம்பையாவது சொல்லுங்கள். விலை தெரிந்து அழைப்பவர் ஒருவர், தெரியாமல் அழைக்கும் ஐம்பது பேருக்குச் சமம். ‘விலையைப் போட்டால் மற்ற புரோக்கர்கள் உள்ளே நுழைந்துவிடுவார்கள்’ என்ற பயம் நியாயமானதே. அதற்குப் பரிகாரம் சர்வே எண்ணையும் உரிமையாளர் பெயரையும் பொதுவில் போடாமலிருப்பது. பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை இணையத்தில் எவரும் பார்த்துக்கொள்ள முடிகிற காலம் இது. சர்வே எண் ஒன்று போதும், உரிமையாளர் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். வாங்குபவர் நேரில் வந்து இடம் பார்த்த பிறகு சர்வே எண்ணைக் கொடுத்து, ‘நீங்களே எடுத்துப் பாருங்கள், உங்கள் வக்கீலிடமும் காட்டுங்கள்’ என்று சொல்லுங்கள்.

உரிமையாளரின் சம்மதத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பூமியை விற்பது நம் பக்கத்தில் குடும்பக் கௌரவத்தோடு சம்பந்தப்பட்ட காரியம். மகள் கல்யாணத்துக்கோ கடனுக்கோ விற்பவர், பத்திரம் முடியும்வரை பங்காளிகளுக்குத் தெரியக் கூடாது என்று நினைப்பார். அவருடைய தோட்டத்து வீடும் கிணறும் ஊர்க் குழுவில் வீடியோவாக ஓடினால் அந்தக் குடும்பம் உங்களை மன்னிக்காது. ஆகவே எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது, எவ்வளவு விலை சொல்லலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்பவரின் இடத்தை விளம்பரம் செய்யாமல், உங்கள் லேபிள் பட்டியலில் தோட்டம் கேட்டவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னாலே போதும்.

முகம் காட்ட வேண்டுமா என்றால், கட்டாயம் காட்டுங்கள். லட்சங்களைப் போட்டு வாங்கப் போகிறவர் யாரை நம்பி வருகிறோம் என்று பார்க்க விரும்புவார். மேடைத் தமிழ் வேண்டியதில்லை. வீட்டில் பேசுவது போலப் பேசினாலே கேட்பவருக்கு உங்கள் ஊர் எது என்று தெரிந்துவிடும். வீடியோவுக்குப் பெரிய கேமரா தேவையில்லை, உங்கள் செல்போன் போதும். சட்டையில் மாட்டும் சிறிய மைக் ஒன்றை, பஞ்சு உறையோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் அந்த உறை இல்லாமல் ஒரு வார்த்தைகூடக் கேட்காது. ட்ரோன் படம் எடுக்க ஆள் கூட்டிவரும் முன், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தைப் பாருங்கள். சூலூர் விமானப்படைத் தளமும் கோவை விமான நிலையமும் அருகிலிருப்பதால் காரணம்பேட்டைப் பக்கம் அனுமதியில்லாமல் பறக்கவிடுவது வம்பை விலை கொடுத்து வாங்குவதாகும். சினிமாப் பாட்டைப் பின்னணியில் சேர்க்காதீர்கள், உரிமைச் சிக்கலில் ஒலியை நீக்கிவிடுவார்கள்.

அழைப்புக்குப் பதில் சொல்வதை அக்கா மகனிடம் விடாமல் நீங்களே செய்யுங்கள். கேட்ட அன்றைக்கே பதில் போக வேண்டும். இப்படி இருக்கலாம்: “வணக்கங்க. பொங்கலூர் பக்கம் அஞ்சரை சென்ட் சைட்டு கேட்டிருந்தீங்க. கிழக்குப் பாத்த இடமுங்க, முன்னாடி முப்பதடி ரோடு. விலை கேட்லாக்குல போட்டிருக்கறனுங்க. வீடு கட்டறதுக்குங்களா, வாங்கி வெக்கறதுக்குங்களா? ஞாயித்துக்கெழமை காலைல நேர்ல பாக்கறாப்ல இருந்தா சொல்லுங்க, லொகேஷன் அனுப்பி வெக்கறனுங்க.” இதில் ஒரு கேள்வியும் ஒரு நாளும் இருப்பதால் எதிர்ப்பக்கம் பதில் சொல்ல வழியிருக்கிறது. வாங்கி வைப்பவருக்கும் வீடு கட்டுபவருக்கும் காட்ட வேண்டிய இடம் வேறு என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கட்டண விளம்பரத்தை முதல் மூன்று மாதம் தொடாதீர்கள். பத்துப் பதினைந்து வீடியோ சேர்ந்த பின், அவற்றில் எதற்கு அதிகம் பேர் விவரம் கேட்டார்களோ அதற்கு மட்டும் பணம் போடுங்கள். பதிவைப் பணம் கட்டிப் பரப்பும் ‘பூஸ்ட்’ பொத்தானை அழுத்துவது எளிது. ஆனால் இலக்கைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் விருப்பக்குறி போடுகிறவர்களைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்றுவிடும். ஃபேஸ்புக்கின் விளம்பர மேலாளர் (ஆட்ஸ் மேனேஜர்) பகுதிக்குள் போய், வாட்ஸ்அப்புக்குச் செய்தி வர வேண்டும் என்பதை இலக்காகத் தேர்ந்தெடுக்க அக்கா மகனிடம் சொல்லுங்கள். ஊரையும் குறிப்பிடுங்கள்: மனைக்குத் திருப்பூர், பல்லடம், சூலூர், தோட்டத்துக்குக் கோவையும் பெங்களூரும் சேரலாம். நாளுக்கு முந்நூறு ரூபாய் வீதம் பத்து நாள் ஓட்டிப் பாருங்கள். விளம்பரத் தொகையோடு ஜி.எஸ்.டி.யும் சேரும் என்பதைக் கணக்கில் வையுங்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண் உங்களுக்கு வேண்டாம். ஒரு நோட்டில் அழைத்தவர், இடம் பார்க்க வந்தவர், இரண்டாம் முறை குடும்பத்தோடு வந்தவர், முன்பணம் கொடுத்தவர் என்று நான்கு பத்தி போட்டு எழுதி வாருங்கள். இரண்டாம் முறை குடும்பத்தோடு வந்தவர் பத்தியில் பெயர் ஏறாத விளம்பரத்தை நிறுத்திவிடலாம்.

ஆடி மாதத்தில் விளம்பரத்துக்குப் பணம் போட வேண்டாம். ஆடிப்பெருக்கு நாளைத் தவிர்த்து, பத்திரம் போட நம் மக்கள் யோசிப்பார்கள். அந்த மாதத்தைப் படமெடுக்கவும் பட்டா, வில்லங்கம் சரிபார்க்கவும் வைத்துக்கொண்டு, ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்பாக விளம்பரத்தைத் தொடங்குங்கள். மார்கழிக்கும் தைக்கும் இதே கணக்குதான்.

பக்கம், கணக்கு எல்லாம் இப்போது அக்கா மகனின் மின்னஞ்சலில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவரை நம்பவில்லை என்று பொருளில்லை. நாளை அவர் வேலைக்கென்று வெளியூர் போனாலும் பக்கம் உங்களிடம் இருக்க வேண்டும். உங்கள் சொந்த மின்னஞ்சலையும் எண்ணையும் போட்டு உரிமையை மாற்றி, இருபடிச் சரிபார்ப்பையும் வைத்துவிடுங்கள்; அவர் உதவியாளராகத் தொடரட்டும்.

முதல் வீடியோவுக்கு விற்பனையில் ஓர் இடம் இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. பி.ஏ.பி. பாசனத் தோட்டம் வாங்குபவர் உரிமையாளரிடம் கேட்க வேண்டியவை என்னென்ன என்று, ஏதாவது ஒரு வாய்க்கால் மேட்டில் நின்று மூன்று நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். அதை எங்கும் ஏற்றாமல், இதற்கு முன் உங்களிடம் இடம் வாங்கியவர்களுக்கும் பத்திர எழுத்தருக்கும் மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவர்கள் திருப்பிக் கேட்கும் கேள்விகளைக் குறித்து வையுங்கள். இரண்டாவது, மூன்றாவது வீடியோக்களில் அவற்றுக்கே பதில் சொல்லலாம்.